தொழில்முனைவோர் பயிற்சியும் பிறர் தரும் நிதியும்

மதுரை வணிகத்தால் வளர்ந்த மாநகர். பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்த ஊர் என்று சங்க இலக்கிய வகுப்பில் நாம் பெருமையோடு படிக்கிறோம். இன்றும் சுங்குடிச் சேலையும் மல்லிகையும் இந்நகரின் பெயரைச் சுமந்தே வெளியூர் செல்கின்றன. மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டிலும் மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய பகுதிகளிலிருந்து நம் கல்லூரிகளுக்கு வந்து பட்டம் பெறும் இளைஞர் பலர், பிறரிடம் வேலை தேடிச் சென்னைக்கோ திருப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ புறப்படுகின்றனர். தாமே ஒரு தொழிலைத் தொடங்கிப் பிறருக்கு வேலை தரத் துணிவோர் சிலரே. துணிவு பிறக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு நிலையம் வேண்டும். நிலையத்திற்கு நிதி வேண்டும்.

அந்நிதி பெரும்பாலும் தொலைவிலிருந்தே வருகிறது. பன்னாட்டு நிறுவனமோ, மைய அரசோ, வங்கியோ, தொண்டு அமைப்போ அதைத் தருகிறது. அதற்கு முன் நீண்ட பேச்சுவார்த்தை நடக்கிறது. அப்பேச்சில் 'எவ்வளவு தொகை?' என்ற கேள்வியே முதலிடம் பெறுகிறது. 'முடிவு செய்யும் இடத்தில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள்?' என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பது நம் கருத்து.

உரோம் நகரம் தரும் பாடம்

மதுரை மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்கள் வரை வந்து சேர்ந்த ஒரு நிதியின் வரலாறு இதற்குச் சான்று. 1974ஆம் ஆண்டு நவம்பரில் உரோம் நகரில் உலக உணவு மாநாடு கூடியது. உணவுப் பற்றாக்குறையும் 1973இல் நேர்ந்த எண்ணெய் விலை உயர்வும் ஏழை நாடுகளை வாட்டிய காலம் அது. ஏழை உழவர்களுக்கென ஒரு தனி நிதியம் வேண்டும் என்று அம்மாநாட்டில் முடிவாயிற்று. பணம் தர வேண்டியவர் இரு சாரார். தொழில் வளம் பெற்ற மேலை நாடுகள் ஒருபுறம். எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகள் மறுபுறம். யார் எவ்வளவு தருவது என்பதில் இழுபறி நீடித்தது. 1976 ஜூன் மாதத்தில் ஒப்பந்த வாசகம் ஏற்கப்பட்டும், வாக்களித்த தொகை நூறு கோடி டாலரை எட்டும் வரை கையெழுத்திடப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில்தான் அத்தொகை எட்டப்பட்டது. 1977 நவம்பரில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் நடைமுறைக்கு வந்தது.

இதில் நாம் போற்றத்தக்கது தொகையன்று. வாக்குரிமை பகிரப்பட்ட முறையே. மொத்தம் 1800 வாக்குகள். மேலை நாடுகளுக்கு 600, எண்ணெய் நாடுகளுக்கு 600, நிதியைப் பெறும் வளரும் நாடுகளுக்கு 600. உலக வங்கியில் முதல் போட்டவருக்கே வாக்கு மிகுதி. இங்கோ பெறுபவருக்கும் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. அந்த மூன்றாம் பிரிவில் இந்தியாவும் இருந்தது. வளரும் நாடுகளும் தம்மால் இயன்ற சிறு தொகையை அதில் சேர்த்தன என்பதும் மறக்கத்தக்கதன்று. இந்த வாக்குமுறை 1990களில் மாற்றப்பட்டது. எனினும் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே தளத்தில் அமர்ந்து பேச இயலும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

மதுரைக்கு வந்த நிதி

அந்நிதியத்தின் கடனுதவியோடு 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1992-93இல் அது மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு விரிந்தது. தேனிப் பகுதி அப்போது மதுரை மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. பெண்கள் குழுவாகக் கூடி முதலில் தம் சிறு சேமிப்பைத் திரட்டினர். தமக்குள் கடன் கொடுத்து வாங்கிப் பழகினர். கணக்கெழுதவும் கூட்டம் நடத்தவும் பயிற்சி பெற்றனர். அதன் பின்னரே இந்தியன் வங்கியின் கடனைப் பெற்றனர். வெளிநிதியின் காலம் 1998இல் முடிந்தது. பணி முடியவில்லை. 1997-98இலேயே தமிழக அரசு 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் தன் சொந்த நிதியைக் கொண்டு அப்பணியை மாநிலமெங்கும் எடுத்துச் சென்றது.

இதன் காரணம் எண்ணிப் பார்க்கத்தக்கது. குழுவின் கையில் தன் சேமிப்பு இருந்தது. நடத்தும் பொறுப்பை ஏற்க மாநில அரசு முன்வந்தது. இவ்விரண்டும் இல்லாதிருந்தால், கடன் தந்தவர் கணக்கை முடித்த நாளிலேயே குழுக்களும் கலைந்திருக்கும்.

கொடுக்கும் இடத்தில் இந்தியா

நம் நாடு எப்போதும் பெறும் இடத்திலேயே இருந்ததில்லை. 1964ஆம் ஆண்டிலேயே வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி தரும் திட்டத்தை இந்தியா தொடங்கியது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் லாவோஸ், கம்போடியா, வியட்நாம் முதலிய தென்கிழக்காசிய நாடுகளில் தொழில்முனைவோர் வளர்ச்சி மையங்களை நிறுவ உதவியது. 1983இல் அகமதாபாத்தில் தோன்றிய இந்தியத் தொழில்முனைவோர் வளர்ச்சி நிறுவனம் அப்பணியை ஏற்றது. அந்நாட்டுப் பயிற்றுநர்களை உருவாக்கி, மையத்தை அவர்களிடமே ஒப்படைப்பது அதன் நோக்கம். கட்டடத்தையும் கணிப்பொறியையும் மட்டும் தந்து திரும்புவதால் பயனில்லை என்பதை இந்தியா அறிந்திருந்தது. பிறநாட்டாருக்கு நாம் பொருத்தமெனக் கண்ட நெறியை, நமக்கு நிதி வரும்போது நாமே வற்புறுத்தாதிருப்பது முறையாகுமா?

நம் நகரிலேயே உள்ள சான்றுகள்

ஊரகத் தொழிற்பயிற்சிக்கு முன்மாதிரியாக விளங்கும் 'ருட்செட்' நிறுவனம் 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் பிறந்தது. தர்மஸ்தலா அறநிலையமும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து அதனை நிறுவின. அதன் கிளை ஒன்று மதுரையிலும் இயங்குகிறது. இம்முன்மாதிரியைக் கண்டே மைய அரசு 2009இல் மாவட்டந்தோறும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்னும் திட்டத்தை வகுத்தது. அதில் பொறுப்புகள் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. நிலத்தை மாநில அரசு தரும். கட்டடத்திற்கு மைய அரசு மானியம் அளிக்கும். நிலையத்தை வங்கி நடத்தும். பயிற்சி முடிந்தபின் ஈராண்டுக் காலம் பயின்றவரைத் தொடர்ந்து கண்காணித்துத் துணைநிற்க வேண்டும் என்பதும் விதி. பயிற்சியின் பயன் சான்றிதழில் இல்லை, இந்த ஈராண்டில்தான் இருக்கிறது என்போம்.

அரவிந்த் கண் மருத்துவமனை மற்றொரு சான்று. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு அதனைத் தொடங்கினார். 1992இல் பன்னாட்டு லயன்ஸ் சங்கங்களின் உதவியோடு அங்கு ஒரு பயிற்சி நிறுவனம் அமைந்தது. கண் மருத்துவமனைகளைத் திறம்பட நடத்துவது எப்படி என்பதைப் பல நாட்டார் இங்கு வந்து கற்கின்றனர். உதவி வெளியிலிருந்து வந்தது. கற்பிக்கும் பொருளோ பதினாறு ஆண்டுகள் மதுரையில் உழைத்துக் கண்ட அனுபவம். பேச்சுவார்த்தையில் நம் கைமுதல் இத்தகைய அனுபவமே.

நாம் கேட்க வேண்டியவை

தென் மாவட்டங்களுக்கென மதுரையில் எத்தகைய பயிற்சி நிலையத்திற்கு எவர் நிதி தர முன்வரினும், மூன்றை நாம் கேட்டுப் பெற வேண்டும். ஒன்று, ஆட்சிக் குழுவில் உள்ளூர்த் தொழிலாளர், சிறுவணிகர், பெண்கள் குழுவினர் ஆகியோருக்கு வாக்குரிமையுடன் இடம். இரண்டு, நிதி தருபவர் விலகிய பின் ஆசிரியர் ஊதியமும் அன்றாடச் செலவும் எங்கிருந்து வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுதல். மூன்று, பயிற்சிக்குப் பின் முதலீடு பெறும் வழி ஒன்றாக மட்டும் இராமை. பயிற்சி வங்கிக் கடனில் மட்டுமே போய் முடியுமானால், ஈடு காட்ட இயலாத ஏழையும், வட்டியை விலக்கி வாழ விரும்பும் நம் சமுதாய இளைஞனும் வாயிலிலேயே நின்றுவிடுவர். பங்கு முதல், கூட்டு வணிகம் ஆகிய வழிகளையும் பாடத்திலும் திட்டத்திலும் சேர்க்க வேண்டும். அத்தகையோர் குழுவில் இல்லாதபோது இக்குறையை யார் எடுத்துரைப்பார்?

'கேட்டுப் பெறுபவர் நிபந்தனை விதிக்கலாமா? வருகிற பணமும் வேறு மாவட்டத்திற்குப் போய்விடாதா?' என்று சிலர் அஞ்சுவர். அச்சம் பொருளற்றதன்று. ஒப்பந்தத்தைத் தாமதமாக்கிப் பயனை இழந்தோரும் உண்டு. ஆனால் வெறுங்கையோடு கேட்பவர்க்கே இந்த அச்சம் உரியது. நிலமோ, ஆசிரியரோ, ஒரு சிறு நிலைநிதியோ நம் பங்காக முதலில் வைக்கப்படின், நம் சொல்லுக்கும் மதிப்பு ஏற்படும். வளரும் நாடுகள் உரோம் நகரில் செய்தது இதுவே. கல்விக்கூடங்களை நிறுவிய நம் சமுதாயப் பெரியோர்க்கு இது புதிய செய்தியன்று. இடம் கொடுத்தும் நிதி திரட்டியும் அவர்கள் கல்லூரிகளை எழுப்பினர். அதே கொடையைத் தொழிற்பயிற்சிக்கும் விரிக்க வேண்டுகிறோம்.

தமிழ்த்துறையினர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. நிதி ஒப்பந்தங்களும் திட்ட அறிக்கைகளும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. யாருக்காக எழுதப்படுகிறதோ அவர் அதைப் படிக்க இயலாது. நம் வணிகர்களோ பற்று, வரவு, பேரேடு, கைம்முதல் என்று தலைமுறை தலைமுறையாகத் தமிழிலேயே கணக்கு வைத்தவர்கள். அச்சொற்களைக் கடைத்தெருவிலிருந்து திரட்டி, பயிற்சி நூல்களையும் ஒப்பந்தச் சுருக்கங்களையும் எளிய தமிழில் ஆக்கித் தருவதை நம் மாணவர்கள் ஓர் ஆண்டுப் பணியாக மேற்கொள்ளலாம். பேச்சுவார்த்தையில் இருக்கை கிடைத்தாலும், அங்குப் பேசப்படுவது விளங்காதவர் பார்வையாளராகவே இருப்பார். அந்நிலை நம் சிற்றூர்த் தொழிலாளிக்கு நேராமல் காப்பது தமிழ் கற்றோர் செய்யக்கூடிய பணி. அதனை நாமே தொடங்குவோம்.