கவனிப்பும் 'கவனிப்பும்' - கப்பல் சுற்றுலா போகிறவர்களுக்கு

தமிழில் 'கவனிப்பது' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. தலைதீபாவளிக்குப் போன மாப்பிள்ளையை மாமியார் வீட்டில் நன்றாகக் கவனித்தார்கள் என்றால் ஒரு அர்த்தம். பட்டா மாற்றப் போனவரிடம் "கொஞ்சம் கவனிங்க சார்" என்றால் வேறு அர்த்தம். முதலாவதில் அன்பு இருக்கிறது, இரண்டாவதில் கவர் இருக்கிறது. கப்பல் சுற்றுலாவைப் பற்றி இந்த ஊரில் நடக்கும் பேச்சில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அதுதான் இங்கே பிரச்சினை.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா சொகுசுக் கப்பல் பயணத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதன்பிறகு கப்பல் என்பது சினிமாவில் மட்டும் பார்க்கிற சமாச்சாரமாக இல்லை. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் போய்ச் சென்னையில் கப்பல் ஏறலாம் என்று ஸ்ரீரங்கம் உத்திர வீதித் திண்ணையில்கூட பேசுகிறார்கள். திருச்சியிலிருந்து நேரே சிங்கப்பூருக்கு விமானம் இருப்பதால், அங்கிருந்து கிளம்பும் கப்பல்களும் எட்டாக்கனி இல்லை. சந்தோஷம். போகட்டும், நன்றாக அனுபவிக்கட்டும்.

ஆனால் ஏற்கனவே போய் வந்தவர் கொடுக்கும் உபதேசம் இருக்கிறதே! "முதல் நாளே ரூம் பையன் கையில இருபது டாலரைத் திணிச்சிடுங்க. அப்புறம் பாருங்க, ராஜ மரியாதைதான்." அடுத்த உபதேசம் இன்னும் மோசம். "பில்லுல டிப்ஸ்னு தனியா போடுவான். கவுண்டர்ல போய்ச் சண்டை போட்டா எடுத்துடுவான். மிச்சம்!"

ஒரே வாயிலிருந்து வரும் இரண்டு உபதேசங்கள். ஒன்று லஞ்சம், மற்றொன்று கூலியில் கைவைப்பது. இரண்டையும் 'நல்ல சேவை பெறும் வழி' என்று சொல்லிக்கொள்வதுதான் கொடுமை.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். பெரிய அமெரிக்கக் கப்பல் நிறுவனங்கள் சாதாரண அறைப் பயணியிடம் தலைக்கு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை பணிக்கொடையாகத் தானாகவே பில்லில் சேர்க்கின்றன. 18 டாலர் என்று வைத்தால் நான்கு பேர் குடும்பத்துக்கு ஏழு நாளில் 504 டாலர். இதைப் பார்த்து வயிறு எரிவது நியாயம்தான். ஆனால் யார் மேல் எரிய வேண்டும்?

இந்தப் பணம் அறை சுத்தம் செய்பவர், பரிமாறுபவர், கண்ணுக்கே தெரியாமல் பாத்திரம் கழுவுபவர், துணி வெளுப்பவர் என்று பலருக்குப் பிரிகிறது. பலருக்கு இது போனஸ் இல்லை. சம்பளத்தின் பெரும்பகுதியே இதுதான். அதாவது முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டி, அதற்கு 'அன்பளிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் விலையைக் குறைத்துக் காட்டலாம், சம்பளச் செலவையும் குறைத்துக் காட்டலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இது எப்படிச் சாத்தியம்? கொடி மகிமை! ராயல் கரீபியன் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மயாமியில், நிறுவனப் பதிவு லைபீரியாவில், கப்பல்களில் பறப்பது பெரும்பாலும் பஹாமாஸ் கொடி. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலின் பணியாளருக்கு அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தேர்ந்த கப்பல் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை மாதச் சம்பளம் 2025 ஜனவரியில் 673 டாலர். அதுவும் பரிந்துரைதான். 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வாரத்துக்கு 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம், பெரும்பாலும் வாரவிடுமுறை கிடையாது. இப்படி வேலை பார்ப்பவரிடம் "சிரிப்பு குறைவா இருக்கு, டிப்ஸை எடு" என்று ஒருவர் கவுண்டரில் நிற்கிறார். அவருக்கு மிச்சமாகும் காசு கம்பெனியின் பையிலிருந்து வருவதில்லை; பெரும்பாலும் பாத்திரம் கழுவுபவரின் பங்கிலிருந்துதான் வருகிறது.

"டாலர்ல சம்பாதிக்கிறான், அவனுக்கென்ன?" என்பார்கள். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். அதில் 132 பேர் பணியாளர்கள். பயணிகள் அறைக்குள் பத்திரமாக இருக்க, அறை அறையாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது பணியாளர்கள்தான். கொரோனா கதவுக்கு இந்தப்பக்கமும் இருந்தது. அந்த வாரங்களின் 'நல்ல சேவை'க்கு எத்தனை டாலர் டிப்ஸ் போடுவது?

"டிப்ஸ் இல்லாவிட்டால் எவன் வேலை செய்வான்?" என்பது அடுத்த வாதம். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லை. அங்கே சேவை மோசம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவ்வளவு தூரம் ஏன், ஸ்ரீரங்கம் கோயிலுக்கே போகலாம். 2012-ல் அங்கே நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கினார்கள். இலையில் உட்கார்ந்தவர் பரிமாறுபவர் கையில் எதையும் திணிப்பதில்லை. சாம்பார் வேண்டும் என்றால் சாம்பார் வருகிறது. ஏனென்றால் பரிமாறுபவரின் பிழைப்பு சாப்பிடுகிறவரின் மூடைப் பொறுத்ததாக இல்லை. அதே கோயிலில் காசுக்கு ஒரு வரிசை, தர்ம தரிசனத்துக்கு ஒரு வரிசை. இரண்டில் எது மனிதனை மனிதனாக நடத்துகிறது என்று வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, கப்பலில் நல்ல சேவை வேண்டுமா? வழி இருக்கிறது, அதிலே சூட்சுமம் எதுவும் இல்லை. பணிக்கொடையையும் சேர்த்துத்தான் டிக்கெட் விலை என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும். அந்த விலை கட்டுப்படியாகாவிட்டால் முக்கொம்புக்குப் போய் வரலாம், கௌரவக் குறைவில்லை :-) குழாயில் தண்ணீர் வரவில்லையா, ஏசி ஓடவில்லையா, அன்றே கம்பெனியின் கவுண்டரில் எழுத்தில் கொடுத்து நஷ்டஈட்டைக் கம்பெனியிடம் கேட்க வேண்டும். தப்பு யாருடையதோ அவர்தானே கட்ட வேண்டும்? நன்றாக வேலை செய்தவரின் பெயரைக் கருத்துப் படிவத்தில் எழுத வேண்டும். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அதற்கு டாலர் செலவில்லை.

இன்னொரு கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. துவாக்குடி அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்லூரி உட்பட இந்த ஊரில் கேட்டரிங் படிக்கிற பலருக்குக் கப்பல் வேலை ஒரு கனவு. அந்தக் கனவுக்கு லட்சங்களில் விலை வைத்து ஏஜெண்டுகள் திரிகிறார்கள். அதே 2006 உடன்படிக்கைப்படி வேலை வாங்கித்தர ஊழியரிடம் காசு வாங்கவே கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், கடல் பணிப்புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டுமே ஊழியருடையது. விசா செலவு கப்பல் கம்பெனியுடையது. இந்தியா 2015-ல் இதை ஏற்றுக் கையெழுத்திட்ட நாடு. கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் அம்மாவின் வளையலை அடகு வைப்பவர்கள், வட்டி கட்டுவதற்காகத்தான் கப்பலில் சிரிக்க வேண்டியிருக்கும்.

அந்தச் சிரிப்பு போதவில்லை என்றுதான் ஊரிலிருந்து போன ஒருவர் கவுண்டரில் நின்று டிப்ஸை எடுக்கச் சொல்கிறார். அடுத்த வருஷம் அவர் தெருப் பையனே அந்தத் தட்டை ஏந்தி நிற்கலாம். அப்போது யார் யாரைக் கவனிப்பது?