கூலி ஏறுது... வேலை இருக்கா?

அமெரிக்காவில் கட்டிடத் தொழிலாளிக்கு மணிக்கு என்ன கூலி என்று அரசாங்கமே மாதாமாதம் கணக்கு வெளியிடுகிறது. கூலி ஏறினால் ஊரில் பணம் புரளுகிறது என்று அர்த்தமாம். நம்ம ஊரில் மணிக்கணக்கு ஏது? நாள் கூலிதான். அதற்கும் கணக்கு உண்டு.

கிராமத்து ஆண் கட்டிடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி, ரிசர்வ் பாங்க் புள்ளி விவரப்படி, 2022-23ல் இந்தியா முழுமைக்கும் 393 ரூபாய். கேரளாவில் 850 ரூபாய்க்கு மேல். மத்தியப் பிரதேசத்தில் 280 கூட இல்லை! வடநாட்டு வாலிபர்கள் மூட்டையோடு ரெயில் ஏறித் தெற்கே ஏன் வருகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இது போதாதா?

சரி, கூலி ஏறிவிட்டது என்று மார்தட்டலாமா? அங்கேதான் சங்கதி. அந்தக் கணக்கு வேலை கிடைத்த நாளைத்தான் சொல்லும். விடியற்காலையில் தூக்குச் சட்டியோடு முச்சந்தியில் நின்று, பத்து மணி வரை எந்த மேஸ்திரியும் கூப்பிடாமல் வீடு திரும்புகிறாரே, அவர் அதில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படி எத்தனை நாள்! 'ஆண்' என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். செங்கல் சுமக்கிற பெண் சித்தாளுக்கு அதைவிடக் குறைச்சல். செங்கல் மட்டும் எடை குறையுதா என்ன?

கூலியை எழுதுகிற அதிகாரிகள், மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும். 800 ரூபாய் வீதம் 10 நாள் என்றால் 8,000. 500 ரூபாய் வீதம் 25 நாள் என்றால் 12,500. எந்தக் கூலிக்காரர் மளிகைக் கடன் பாக்கி வைப்பார் என்று கடைக்காரரைக் கேளுங்கள், சொல்வார்.