வரியா, தணிக்கையா? புதுவைப் பிள்ளைகள் முன்னுள்ள பாதை

சி.ஏ. இன்டர் தேறிய பிள்ளை ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் கட்டாயப் பயிற்சிக்கு இடம் தேடும்போது வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது: வரிப் பக்கம் போவதா, தணிக்கைப் பக்கம் போவதா? பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதில் போகட்டும் என்று பெரியவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கான இந்த முடிவில், விருப்பத்தைவிட ஊருக்குப் பங்கு அதிகம். புதுச்சேரியிலேயே தொழில் செய்ய நினைப்பவருக்குப் பதில் ஒன்று. சென்னைக்கோ துபாய்க்கோ கிளம்பத் தயாராக இருப்பவருக்கு வேறொன்று.

புதுச்சேரியின் பெரிய மார்க்கெட்டைப் பாருங்கள். மளிகை, மீன், பூ, காய்கறி, பாத்திரம் என்று அங்கே வியாபாரம் செய்பவர்களில் பெரும்பாலோர் தனி உரிமையாளர்கள், அல்லது குடும்பத்துக்குள் கூட்டுச் சேர்ந்தவர்கள். கம்பெனியாகப் பதிவு செய்தால் எவ்வளவு சிறியதானாலும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். இவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால் அதில் 8 விழுக்காட்டை லாபமாகக் காட்டி, முழுக் கணக்குப் புத்தகம் இல்லாமலேயே வருமான வரி கட்டிவிடலாம். பெரும்பாலும் அதைத் தாண்டியவர்தான் வரித் தணிக்கைக்கு வருகிறார். ரொக்க வரவு செலவு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் 10 கோடி வரை அதிலிருந்தும் விலக்கு உண்டு. கையில் காசு புரளும் மார்க்கெட் வியாபாரிக்கு அந்தச் சலுகை எட்டுவதில்லை. ஆக, இந்த வீதிகளில் ஆடிட்டர் என்று பலகை மாட்டியவர் சோறு உண்பது வரி வேலையில்தான்.

அந்த வேலை மற்ற ஊர்களைவிட இங்கே சிக்கலானது. ஜி.எஸ்.டி. எண்ணில் புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. மொத்த வியாபாரி ஒருவர் சில கிலோமீட்டர் வடக்கே கோட்டக்குப்பத்துக் கடைக்குச் சரக்கு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம், பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். அதே சரக்கை அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், கேரளக் கரையில் இருக்கும் மாஹேவுக்கு அனுப்பினால் உள்ளூர் விற்பனை. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன எல்லைகள் இன்றும் ஒவ்வொரு பில்லிலும் உட்கார்ந்திருக்கின்றன. வரிப் பெயர் மாறிப் போனால், சரியான தலைப்பில் மறுபடி கட்டி, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டும்.

பிரெஞ்சு ராணுவத்திலும் அரசுப் பணியிலும் இருந்தவர்களும் அவர்களுடைய விதவைகளும் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் பெறும் ஊர் இது. அந்தப் பணத்துக்கு வரி எந்த நாட்டுக்கு? 1992இல் கையெழுத்தான இந்திய – பிரெஞ்சு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தைப் படித்துத்தான் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் யார் கொடுப்பது, பெறுபவரின் குடியுரிமை என்ன, வசிப்பது எங்கே என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். இதில் ஆழமாக இறங்கிய ஒருவருக்கு இந்த ஊரில் ஆயுளுக்கும் வேலை இருக்கிறது. பிரெஞ்சு ஆவணத்தைப் படிக்கத் தெரிந்த இளைஞர் எவரும் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ரிட்டர்ன் போடுவதை மட்டும் தொழிலாக நம்பியவருக்கு இனி காலம் கடினம். ஆண்டு ஜி.எஸ்.டி. கணக்கை ஒப்பிட்டு சி.ஏ. சான்றளிக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, நிலையான வருமானம் என்று பலர் நம்பினார்கள். 2020–21 நிதியாண்டிலிருந்து வியாபாரியே சான்றளித்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியது, வேலை போயிற்று. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களை மனப்பாடமாகச் சொன்னவர்கள், 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தின் எண்களைக் கற்க வேண்டும். படிவம் நிரப்புவது கணினி வேலையாகிக்கொண்டிருக்கிறது. வாதாடுவது அப்படியல்ல. 2020இல் முகமறியா மதிப்பீடு வந்த பிறகு வழக்கின் பெரும்பகுதி எழுத்தில் நடக்கிறது. நல்ல பதில் எழுதத் தெரிந்தவர் சென்னையிலிருந்தாலும் புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதியிலிருந்தாலும் ஒன்றுதான். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் தொடங்கப்பட்டது. சிறு ஊர் வரி நிபுணருக்கு இவ்வளவு வாய்ப்பு முன்பு இருந்ததில்லை.

தணிக்கையின் கதை வேறு. அதன் வேலை கம்பெனிகளும் வங்கிகளும் குவிந்த பெருநகரங்களில் இருக்கிறது. தணிக்கையாளருக்குக் கூலி தருவது கம்பெனி. அவர் உழைப்பதோ கம்பெனியின் பங்குதாரருக்கும் கடன் கொடுத்தவருக்கும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்ட மோசடியில், வங்கியில் இல்லாத ஐயாயிரம் கோடிக்கு மேற்பட்ட பணம் ஏட்டில் இருந்தது. அதன் பிறகு தணிக்கையாளர் மீதான பிடி இறுகியது. பட்டியலிட்ட கம்பெனியில் ஒரு தணிக்கை நிறுவனம் பத்தாண்டுக்கு மேல் தொடர முடியாது. 2018இல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் வந்தது. ஆபத்து கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் தணிக்கைத் தரங்கள் நாட்டுக்கு நாடு அதிகம் மாறுவதில்லை. சென்னையில் பயின்றவர் சிங்கப்பூரிலும் வேலை செய்யலாம், ஒரு நிறுவனத்தின் நிதித் தலைமைக்கும் போகலாம். வரி அறிவுக்கு அந்தப் பயணம் எளிதல்ல. ஐக்கிய அரபு அமீரகம் 2018இல் மதிப்புக்கூட்டு வரியும் 2023இல் நிறுவன வரியும் கொண்டுவந்ததால் வளைகுடாவில் வரிக்காரருக்கும் கதவு திறந்தது. ஆனாலும் அங்கே போய் அந்நாட்டுச் சட்டத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

ஊரில் இருக்கப்போகிறவர் வரியையே வாழ்க்கைத் தொழிலாக எடுக்கட்டும் என்பேன். ஆனால் தணிக்கையில் பயிற்சி இல்லாமல் அங்கே போகக் கூடாது. இன்றைய வரி நோட்டீஸ் எதிலிருந்து பிறக்கிறது? விற்றவர் காட்டிய பில்லும் வாங்கியவர் காட்டிய பில்லும் பொருந்தாததிலிருந்து. வங்கியில் விழுந்த பணமும் ஏட்டில் உள்ள விற்பனையும் ஒத்துப்போகாததிலிருந்து. வாடிக்கையாளர் கொடுத்த காகிதத்தை அப்படியே நம்பாமல், கிடங்குக்குப் போய் மூட்டையை எண்ணி, வங்கியிடம் நேரே உறுதி கேட்கும் பழக்கத்தைத் தணிக்கைதான் தருகிறது. அது இல்லாத வரி ஆலோசகர், வாடிக்கையாளரின் பொய்யைத் தன் கையெழுத்தில் வரித் துறைக்கு அனுப்பிவிட்டு, மூன்றாண்டு கழித்து மாட்டிக்கொள்கிறார்.

2023 ஜூலையிலிருந்து ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்ததால் இந்தப் பயிற்சிக்கு நெருக்கடி வந்திருக்கிறது. வரித் தணிக்கை அறிக்கையும் கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டமும் செப்டம்பர் 30க்குள் முடிய வேண்டும். ஒரு மாணவர் பார்க்கப்போவது மொத்தம் இரண்டு செப்டம்பர். இரண்டிலும் அவர் டாலி கணக்கு மென்பொருளில் பில் ஏற்றிக்கொண்டிருந்தால் அவர் எதையும் கற்கவில்லை. உதவித்தொகை எவ்வளவு என்று கேட்கும் பெற்றோரே, சேரும் முன் இன்னும் இரண்டைக் கேளுங்கள்: இந்த அலுவலகத்தில் கம்பெனித் தணிக்கை எத்தனை இருக்கிறது, என் பிள்ளையைச் சரக்கிருப்பு எண்ண அழைத்துப் போவீர்களா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால், வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக அங்கே சேர்க்காதீர்கள்; முதல் ஆண்டாவது சென்னைக்கு அனுப்புங்கள்.