பேகனின் வாரிசுகள்

கடையெழு வள்ளல்களில் இரண்டு பேரைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். கொடுத்தவர்களின் மனசு பெரிது. அதை மறுக்க நான் யார்? ஆனால் மறுநாள் காலையில் அந்தப் போர்வைக்குள் மயில் என்ன பாடுபட்டது என்று யாரும் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை. நனைந்த போர்வையை எடுத்து எறிய மயிலுக்குக் கை ஏது?

இந்த இரு வள்ளல்களின் வாரிசுகளும் இன்று நம் தெருக்களில் வாழ்கிறார்கள். அப்பா காலத்து அம்பாசடரையோ, மாமனார் கொடுத்த பியட்டையோ, என்றோ ஆசைப்பட்டு வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ வாசலில் நிறுத்துகிறார்கள். மேலே ஒரு நீலத் தார்ப்பாயைப் போர்த்தி, நாலு மூலைக்கும் செங்கல் வைக்கிறார்கள். "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். இவர்கள் பேகன் கட்சி. மூன்று வருஷம் போனால் அதே தார்ப்பாயின் மேல் கொடி படர்ந்து பூப் பூக்கிறது. அப்போது தாமாகவே பாரி கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான்: பழைய கார்களை மழை கொன்றதைவிட, மழைக்குப் பயந்து போட்ட உறை கொன்றது அதிகம். தண்ணீர் புகாத உறை என்று கடைக்காரர் பெருமையாக எடுத்துக் காட்டுவதைத்தான் முதலில் வேண்டாமென்று தள்ள வேண்டும்.

இதைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வரும். "தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்காதா? பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரியுமே!" என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரிந்தது பாதிதான். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். கூடவே உப்பும் இருந்துவிட்டால் காரியம் வேகமாக நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவகாசம் வேண்டும். மழையில் நனைகிற கார், மழை விட்டதும் ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். மழையில் ஓடுவதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் வழிந்து போகக் கூரை ஓரத்தில் வாய்க்கால் இருக்கிறது. கதவுகளின் அடியில் துளை இருக்கிறது. காரைக் கெடுப்பது வந்த தண்ணீர் அல்ல. போக வழியில்லாமல் தங்கிய தண்ணீர்.

தார்ப்பாய்க்குள் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்கலாம். இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மண் தரையிலிருந்தும் புல்லிலிருந்தும் இரவும் பகலும் ஈரம் மேலே வருகிறது. தார்ப்பாய் அதை வெளியே விடாது. இரவில் தார்ப்பாயும் தகடும் குளிர்ந்ததும் அந்த ஈரம் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு காரின்மேல் சொட்டுகிறது. பகலில் வெயில் ஏறினால் மறுபடி ஆவி. இரவில் மறுபடி நீர். வெளியே சொட்டு மழை இல்லாத நாளிலும் உள்ளே தினமும் மழைதான். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பேட்டைகளில் காற்றோடு உப்பும் வந்து படிந்திருக்கும். அந்த உப்பின்மேல் ஈரமும் தங்கினால் கேட்க வேண்டியதில்லை.

பெயின்டின் கதை இன்னும் பரிதாபம். பழைய கார்களில் பலவற்றுக்கு அடித்தது செல்லுலோஸ் பெயின்ட். மெருகேற்றினால் கண்ணாடி போல மின்னும், ஆனால் மென்மையானது. ஈரம் அதன்மேல் நாள் கணக்கில் உட்கார்ந்தால் வெளுத்துப் பூத்துவிடும். சிறுசிறு கொப்புளம் எழும்பும். சில பிளாஸ்டிக் உறைகள் வெயிலில் இளகிப் பெயின்டோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. பம்பரின் குரோமியப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அவற்றின் வழியே ஈரம் இறங்கி அடியில் உள்ள எஃகைத் தின்னும். வெளியே தெரிவது அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள்தான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். 1964-ஆம் வருஷத்து அம்பாசடர் வைத்திருந்தார். கண் பார்வை குறைந்து ஓட்டுவதை நிறுத்திய பிறகு, வெளிநாட்டில் இருந்த பிள்ளை பணம் அனுப்பி, இருப்பதிலேயே விலை உயர்ந்த வாட்டர்ப்ரூஃப் உறையை வாங்கிப் போடச் சொன்னான். பெரியவர் அதைத் தம் கையாலேயே இழுத்துக் கட்டினார். காற்று அதை விலக்கினால், கைத்தடியை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்து சரி செய்துவிட்டுப் போவார். இரண்டு ஐப்பசி போயிற்று. பேத்தியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பை அந்தக் காரில்தான் நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டு, உறையை எடுத்தார்கள். டிங்கர் வேலைக்காரர் காருக்கு அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"மேலே பார்த்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கு சார். கீழே ஒண்ணுமே இல்லை" என்றார் அவர்.

"ஒரு நாள்கூட நனைய விடலையேப்பா!" என்றார் பெரியவர்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அம்பாசடருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. தளமும் பக்கமும் கூரையும் சேர்த்துப் பற்றவைத்த ஒரே கூடு அது. தளம் போனால் பலமே போயிற்று. ஹெரால்டாக இருந்தால் அடியில் சட்டம் என்று தனியாக ஒன்றாவது இருக்கும். கார் எடைக்குப் போயிற்று. பெரியவர் அலட்சியக்காரர் அல்ல. அவருடைய அக்கறையையே அந்த உறை ஆயுதமாக்கிக்கொண்டது.

இந்தக் கார்கள் போனால் திரும்பி வரப்போவதில்லை. வண்டலூரில் ஹெரால்டு செய்த தொழிற்சாலை மூடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பம்பாயில் பிறந்த பியட் குடும்பமும் முடிந்துவிட்டது. கடைசி அம்பாசடர் உத்தரபாராவிலிருந்து 2014-இல் வெளியே வந்தது. இனி இருப்பவை எத்தனையோ, அத்தனைதான்.

"அப்படியானால் உறையே கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. வெயில் நிஜமான எதிரி. பெயின்டை வெளுக்க வைக்கும், டாஷ்போர்டைப் பிளக்கும், ரப்பர் பீடிங்கைக் கருவாடாக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் நிழல் இல்லாத இடத்தில் நிற்கும் காருக்கு உறை அவசியம்தான். வேடிக்கை என்னவென்றால், நம் ஜனங்கள் உறை வாங்குவது ஐப்பசியில்! வெயிலுக்குப் போட வேண்டியதை மழைக்குப் போட்டு, மழை விட்ட பிறகும் எடுக்காமல் விடுவதுதான் நம் வழக்கம்.

உறை வாங்கத்தான் வேண்டும் என்றால், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "தண்ணீர் உள்ளே போகுமா?" என்பதல்ல. "ஆவி வெளியே வருமா?" என்பது. அவர் எதற்கும் தலையாட்டுவார். ஆகவே ஒரு துண்டுத் துணி கேட்டு வாங்கி வந்து வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். ஒரு டம்ளரில் ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்றி, அதன் வாயைத் துணியால் மூடி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சிறிது நேரத்தில் மேல் டம்ளரில் பனி படிந்தால் அது மூச்சு விடும் துணி. படியாவிட்டால் அது இட்லிப் பானை மூடி. காபி போடுகிற நேரத்தில் முடிகிற பரீட்சை இது.

அடுத்தது உள்பக்கம். பெயின்டின்மேல் படுகிற பக்கம் மெத்தென்ற பருத்தியாக இருக்க வேண்டும். மூன்றாவது, அளவு. ஆள் போட்டுக்கொள்ளும் சட்டை தளர்வாக இருந்தால் காற்றோட்டம்; காரின் சட்டை தளர்வாக இருந்தால் நாசம். காற்றில் படபடக்கும் உறை, அடியில் சிக்கிய தூசியை வைத்து, இரவெல்லாம் உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்த்துக்கொண்டிருக்கும். அம்பாசடரின் உருண்டைத் தோளுக்கு இன்றைய கார்களுக்குத் தைத்த உறை பொருந்தாது. அளவு கொடுத்துத் தைத்து வாங்குங்கள். அடியில் பட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள். காரைக் கழுவித் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். ஓட்டி வந்த சூடு ஆறாமல் போடக் கூடாது. ஷெட்டுக்குள் நிற்கும் காருக்கு இத்தனையும் வேண்டாம். தூசிக்கு ஒரு பருத்தித் துணி போதும்.

கையில் பணம் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்வேன். உயர்ந்த உறைக்குச் செலவு செய்கிற பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, நாலு தூண் நட்டு, மேலே ஒரு தகடு வேயுங்கள். தரைக்குச் சிமென்ட் போடுங்கள். பக்கங்களைத் திறந்தே விடுங்கள். காருக்கு வேண்டியது போர்வை அல்ல, பந்தல். வெயிலையும் மழையையும் அது தடுக்கும், காற்றைத் தடுக்காது. அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பது நியாயமே. அவர்கள் மூச்சு விடும் துணியைப் போட்டு, வாரம் ஒரு முறை பாதி நாள் எடுத்துவைக்கட்டும். அதற்குக் காசு வேண்டாம், கை இருந்தால் போதும்.

ஆனால் நிஜமான சண்டை துணியோடு அல்ல. நமக்குப் பொருளை மூடி வைப்பதில் ஓர் ஆனந்தம் இருக்கிறது. ரேடியோப் பெட்டிக்குப் பூப்போட்ட உறை தைத்தோம். சோபாவின் பிளாஸ்டிக்கை உரிக்காமலேயே பத்து வருஷம் உட்கார்ந்தோம். மூடிவிட்டால் கடமை முடிந்தது என்று மனசு சொல்கிறது. காரின்மேல் உறையைப் போட்ட அன்றே அதை மறந்துவிட நமக்கு நாமே அனுமதி கொடுத்துக்கொள்கிறோம். உள்ளே பாட்டரி சாகிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது. எலி குடும்பம் நடத்தி ஒயரைக் கடிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் உறை மட்டும் ஒழுங்காக இருக்கிறது!

சட்டமும் இதற்குத் துணை போகிறதோ என்று சந்தேகம். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்து. பழைய வண்டிக்கு ஒரு மரியாதை கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடக் காரியங்களுக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். சோம்பேறிக்கு இது நல்ல சாக்கு. "சட்டமே ஓட்டாதே என்கிறதே" என்று உறையை இன்னும் இழுத்துக் கட்டுவான். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் அதே சட்டம் வழி விட்டிருக்கிறது என்பதை அவன் படிக்க மாட்டான்.

உங்கள் வீட்டிலோ, உங்கள் அண்ணன் வீட்டிலோ ஒரு பழைய கார் போர்த்திக் கிடக்கலாம். நாளைக் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், உறையின் ஓரத்தைத் தூக்கி உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கை ஈரமானால், வேறு யோசனை வேண்டாம்; அந்த உறையை அப்போதே எடுத்துவிடுங்கள். கார் வெறுமனே மழையில் நிற்கட்டும். அது பிழைத்துக்கொள்ளும்.