காணொளியும் தாய்மொழியும்

அன்றாட ஆங்கிலத்தைக் கற்பிக்கும் காணொளிகள் இன்று பத்தாங் காலித் தோட்டப்புறங்களையும் எட்டிவிட்டன. பேச்சின் ஒலியும் விரைவும் பாடநூலில் கிட்டாதவை. ஆதலின் காணொளியைப் பழிப்பது அறிவுடைமையன்று. ஆயினும் அதுவே போதும், தமிழ் எதற்கு என்பாரின் கூற்று ஏற்கத்தக்கதன்று.

'கிக் த பக்கெட்' என்பது வாளியை உதைப்பதன்று. இறப்பை எள்ளலாகச் சுட்டும் மரபுத்தொடர். துக்க வீட்டில் அதனைச் சொல்லலாகாதெனக் காணொளி கண்டிக்குமோ? 'மண்டையைப் போட்டார்', 'காலமானார்' ஆகியவற்றின் வேறுபாட்டைத் தாய்மொழியில் உணர்ந்த மாணவனுக்கோ ஒரு குறிப்பே போதும்.

2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்திற்கு மாற்றிய மலேசிய அரசு, நாட்டுப்புற மாணவர் பின்தங்கியமை கண்டு, அக்கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அறிவித்தது. அப்படிப்பினை அதற்குள் மறந்துபோயிற்றா? காணொளி வகுப்பறைக்குள் வரட்டும். தமிழறிந்த ஆசிரியர் அதற்குப் பொருள் உரைக்கட்டும்.