காலண்டரில் இரண்டு மை

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது, கூடத்துச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டர் நம் கண்ணில் பட்டது. ஏகாதசி, பிரதோஷம், அமாவாசை எல்லாம் அச்சிட்டபடி அதனதன் இடத்தில் இருந்தன. அவை போதாவென்று சில தேதிகளின் கீழே சிவப்பு மையில் புள்ளிகளும், வேறு சிலவற்றின் கீழே கறுப்பு மையில் கோடுகளும் காணப்பட்டன. பால் கணக்கு என்றுதான் முதலில் நினைத்தோம். "பால் விலை மறுபடியும் ஏறிவிட்டதோ?" என்று விசாரித்தும் விட்டோம்.

வீட்டு அம்மாள் பதறிப்போய் அந்தத் தாளைத் திருப்பப் போனாள். இருபத்தேழு வயதான மூத்த பெண் தடுத்துவிட்டாள். "இருக்கட்டும், அம்மா! மாமா பார்த்தால் பார்த்துக்கொண்டு போகட்டும். மறைத்து மறைத்துத்தானே இரண்டு வருஷம் வீணாகப் போயிற்று?" என்றாள்.

அன்று அவள் சொன்ன சங்கதியை அவளுடைய சம்மதத்தின் பேரிலேயே இங்கே எழுதுகிறோம். பேரை மட்டும் எழுத வேண்டாம் என்று தாயார் கேட்டுக்கொண்டாள். வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு, நாமும் வற்புறுத்தவில்லை.

அந்தப் பெண்ணுக்கு மூன்று நாலு வருஷத்துக்கு முன்பு வயிற்று வலி ஆரம்பித்தது. வலது பக்க அடிவயிற்றில் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு ஐந்தாறு தடவை வெளிக்குப் போகும். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், பெருங்காயம் போட்ட மோர் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். மாதவிலக்குச் சமயத்தில் வலி இரட்டிப்பாகும். அதனால் வீட்டில் இருந்த பெரியவர்கள், "அந்த நாளில் யாருக்குத்தான் வயிறு வலிக்கவில்லை?" என்று முடிவு கட்டிவிட்டார்கள். மாதா மாதம் வருவது என்று ஒரு தடவை தீர்மானமாகிவிட்டால், மற்ற நாட்களில் வருகிற வலிகூட அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது. கடைசியில் ஒரு நாள் பெண் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில், 'கிரோன் நோய்' என்று தெரிந்தது.

வாயில் நுழையாத இந்தப் பெயர் வந்த கதை சற்று வேடிக்கையானது. 1932-ம் வருஷத்தில் நியூயார்க் மவுண்ட் ஸினாய் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மூன்று டாக்டர்கள், சிறுகுடலின் கடைசிப் பாகத்தில் வீக்கமும் புண்ணும் கண்டு அவதிப்பட்ட பதினான்கு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இங்கிலீஷ் அகராதி வரிசைப்படி பெயர்களை அச்சிட்டபோது கிரோன் முதலில் வந்தார். வியாதியும் அவர் பெயரையே சூட்டிக்கொண்டது. மற்ற இருவரையும் உலகம் மறந்துவிட்டது. இத்தனைக்கும் 1913-லேயே ஸ்காட்லாந்தில் டால்ஸீல் என்ற ரண வைத்தியர் இதே மாதிரியான நோயை வர்ணித்திருக்கிறார்.

நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறான கட்டளைக்கு ஆட்பட்டுக் குடலைத் தாக்குவதுதான் இந்நோயின் தன்மை. அது தொற்று வியாதியல்ல. வாயிலிருந்து ஆசனவாய் வரையில் எங்கே வேண்டுமானாலும் வரலாம். அதிகமாய் வருவது சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தில். நம் தேசத்தில் இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. குடல் க்ஷயமும் சரியாக அதே இடத்தில் கூடாரம் அடிக்கிறது. காய்ச்சல், இளைப்பு, வலி எல்லாம் இரண்டிலும் ஒன்றே. க்ஷயத்துக்கு மருந்து கொடுத்துப் பல மாதங்கள் பார்த்த பிறகே கிரோன் என்று தெளிந்த நோயாளிகள் இங்கே அநேகம். மாறாக, க்ஷயத்தைக் கிரோன் என்று நினைத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டாலோ, ஆபத்து சொல்லி முடியாது. ஆகவே டாக்டர்கள் தாமதிப்பதில் நியாயம் உண்டு. வீட்டார் தாமதிப்பதற்குத்தான் நியாயம் இல்லை.

நிற்க. சிவப்புப் புள்ளிக்கும் கறுப்புக் கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

மாதவிலக்குக்கு முந்திய இரண்டு வாரங்களில் ஸ்திரீகளின் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுந்து இருக்கிறது. தசைகளைத் தளர்த்துவது அதன் சுபாவம். குடலின் தசையும் அதற்கு விலக்கல்ல. ஆகையால் அந்நாட்களில் பலருக்கு மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் ஏற்படும். விலக்கு நெருங்கியதும் இந்த ஹார்மோன் திடீரென்று இறங்குகிறது. அதே சமயத்தில் கருப்பையின் உட்சுவரிலிருந்து புராஸ்டகிளாண்டின் என்னும் வஸ்துக்கள் சுரந்து, கருப்பையைச் சுருங்கச் செய்கின்றன. அடுத்த வீட்டில் மேளம் கொட்டினால் நம் வீட்டுச் சுவரும் அதிருமல்லவா? அவை பக்கத்திலிருக்கும் குடலையும் சும்மா விடுவதில்லை. சுகதேகிகளான பெண்களுக்கே அந்த இரண்டு நாள் வயிறு இளகுகிறது. குடலில் ஏற்கெனவே புண் உள்ளவளின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

1998-ல் சிகாகோவில் கேன் என்ற பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும் இதைக் கணக்கெடுத்தார்கள். குடல் நோய் உள்ள பெண்களையும் இல்லாத பெண்களையும் விசாரித்ததில், மாதவிலக்கின் போது வயிற்றுப்போக்கு அதிகமாகிறது என்று சொன்னவர்கள் கிரோன் நோய்க்காரிகளிடையே அதிகமாக இருந்தார்கள். பாட்டிமார் சொன்னது முழுப் பொய்யல்ல என்று ஏற்பட்டது. ஆனால் பாட்டிமார் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். டாக்டர்கள் மேலே ஒரு கேள்வி கேட்கிறார்கள். வலி கூடிற்று, சரி; குடலின் புண்ணும் கூடிற்றா?

இந்தக் கேள்வியில்தான் நமது உத்திர வீதிப் பெண்ணின் சிகிச்சையே தொங்கிக்கொண்டிருந்தது. வலியும் போக்கும் மாதா மாதம் திரும்பி வரவே, மருந்து பலிக்கவில்லை என்றும், இன்னும் கடுமையான மருந்துக்குப் போக வேண்டும் என்றும் பேச்சு எழுந்தது. அந்தச் சமயத்தில் அவள் மூன்று மாதக் காலண்டர் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். சிவப்பு, மாதவிலக்கு நாள். கறுப்பு, வயிறு கெட்ட நாள். கறுப்புக் கோடுகள் பெரும்பாலும் சிவப்புக்கு இரண்டு நாள் முன்னும் முதல் இரண்டு நாளிலும் கூட்டமாக நின்றன. மற்ற நாட்களில் தாள் வெள்ளையாக இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்னும் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதிக்கச் சொன்னார். குடலில் அழற்சி இருந்தால் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அங்கே கூடி இந்தப் புரதத்தைச் சிந்திவிட்டுப் போகும். பரிசோதனையில் அது சாதாரண அளவிலேயே இருந்தது. புண் ஆறிக்கொண்டிருக்கிறது, குமுறியது ஹார்மோன்தான் என்று தெரிந்தது. மருந்து மாறவில்லை.

எப்போதும் இப்படியே இருக்கும் என்று யாரும் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே காலண்டரில், சிவப்புக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கறுப்புக் கோடுகள் ஏழெட்டு நாள் தொடர்ந்து வந்தன. அவளே சந்தேகப்பட்டு ஓடினாள். அந்தத் தடவை கால்ப்ரொடெக்டின் ஏறியிருந்தது. நோய் உண்மையாகவே தலைதூக்கியிருந்தது. விசாரித்ததில், மாதவிலக்கு வலிக்கென்று மருந்துக் கடையில் கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிற மாத்திரையை அவள் மாதந்தோறும் கைநிறைய விழுங்கி வந்தது வெளியாயிற்று. மெபனமிக் ஆஸிட், ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் முதலிய இவ்வினத்து மாத்திரைகள் புராஸ்டகிளாண்டினை அடக்கி வலியைத் தணிப்பது வாஸ்தவம். ஆனால் குடலின் உட்சுவரைப் பாதுகாப்பதும் அதே புராஸ்டகிளாண்டின்தான். கிரோன் நோய் உள்ளவர்கள் இவற்றைத் தாமாக வாங்கிச் சாப்பிடலாகாது. பாராஸிடமாலும் வெந்நீர் ஒத்தடமும் போதுமா என்று முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

இன்னொரு மாத்திரையைப் பற்றியும் சொல்லியே தீர வேண்டும். ஸ்ரீரங்கத்தில் மார்கழி பிறந்தால் அதற்குக் கிராக்கி. வைகுண்ட ஏகாதசியன்று விலக்காகிவிடக் கூடாதே என்று, நாளைத் தள்ளிப் போடும் ஹார்மோன் மாத்திரையைத் தாய்மார்களே வாங்கி வந்து பெண்களுக்குக் கொடுக்கிறார்கள். கலியாண வீடுகளிலும் இதே கதைதான். பெரும்பாலோருக்கு இதனால் பெரிய கெடுதல் நேர்வதில்லை. ஆனால் கிரோன் நோய்க்காரர்களுக்கு, முக்கியமாக நோய் மும்முரமாயிருக்கும் சமயத்தில், இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் அபாயம் மற்றவர்களுக்கு உள்ளதைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஹார்மோன் மாத்திரைகள் சில அந்த அபாயத்தை மேலும் கூட்டக்கூடியவை. கர்ப்பத்தடை மாத்திரையை நெடுங்காலம் சாப்பிட்ட பெண்களிடம் கிரோன் நோய் சற்று அதிகமாகக் காணப்படுவதையும் அமெரிக்க நர்ஸுகளிடையே நடந்த நீண்ட ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆகவே இவ்வகை மாத்திரைகளைத் தாயார் தீர்மானிக்கக் கூடாது. மருந்துக் கடைக்காரரும் தீர்மானிக்கக் கூடாது.

இரத்தக் குறைவு வேறு இருக்கிறது. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை. நம் மாகாணத்திலும் பாதிக்கு மேல்தான். மாதவிலக்கில் இரத்தம் போகிறது. குடல் புண்ணிலும் கசிகிறது. சாப்பிடுகிற இரும்புச் சத்தோ புண்பட்ட குடலில் சரியாக ஏறுவதில்லை. நோய் மும்முரமாக இருக்கும்போது இரும்பு மாத்திரையால் வயிறு இன்னும் கெடுவதும் உண்டு. அப்போது ஊசி மூலம் செலுத்த வேண்டியிருக்கும். இன்னும் சிலருக்கு உடம்பு மிகவும் இளைத்துப் போனதால் மாதவிலக்கே நின்றுவிடுகிறது. அதை "நல்லதாய்ப் போயிற்று" என்று எண்ணுகிறவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். உடம்பு கொடுக்கிற அபாய அறிவிப்பு அது.

கலியாணத்தைப் பற்றித் தாயார் மிகவும் கவலைப்பட்டாள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரித்தால், பெரும்பாலான கிரோன் நோய்க்காரப் பெண்களின் பிரசவம் நல்லபடியாகவே நடக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் எல்லா மருந்துகளையும் நிறுத்துவதுதான் அநேகமாகக் கேட்டை விளைவிக்கிறது. மெதோடிரெக்ஸேட் போன்ற சில மருந்துகளை மட்டும் முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். எதை, எப்போது என்று டாக்டர் சொல்வார். பிள்ளை வீட்டாரிடம் நோயை மறைத்துக் கலியாணம் செய்வது என்று வைத்துக்கொண்டால், பெண் மருந்தையும் மறைத்துச் சாப்பிட வேண்டும். பிறகு சாப்பிடாமலே இருந்துவிடுவாள்.

மருந்துச் செலவு பெரிய பாரமாயிருந்த விஷயத்தில், சுதேசிப் பிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அடாலிமுமாப் என்னும் விலையுயர்ந்த ஊசி மருந்துக்கு இணையான மருந்தை 2014-ம் வருஷம் டிசம்பரில், உலகத்திலேயே முதன்முதலாக, ஆமதாபாத்தைச் சேர்ந்த ஸைடஸ் கம்பெனியார் வெளியிட்டார்கள். அமெரிக்க விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு. கைராட்டினத்தால் மட்டும் சுதேசியம் வருவதில்லை போலிருக்கிறது!

ஆனால் பணத்தால் தீராத கஷ்டமும் ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலத்தைத் தாண்டிப் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போக வேண்டுமானால், விலக்கு நாட்களில் அவள் முதல் நாள் இரவே சாப்பாட்டை நிறுத்திவிடுகிறாளாம். நடுவழியில் வயிறு கலக்கினால் எங்கே இறங்குவது? கழிப்பிடம் விஷயத்தில் திருச்சி ஒன்றும் பின்தங்கிய ஊரல்ல. இங்கே 'கிராமாலயா' ஸ்தாபனத்தின் தாமோதரனுக்கு 2022-லும், 'ஸ்கோப்' ஸ்தாபனத்தின் சுப்புராமனுக்கு 2021-லும் பத்மஸ்ரீ கிடைத்ததே கழிப்பிடத் தொண்டுக்காகத்தான். குடிசைப் பகுதிகளில் பெண்கள் சங்கங்களே பொதுக் கழிப்பிடங்களை நடத்திக் காட்டிய ஊர் இது. அப்படியிருந்தும், தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பிடம் எந்தெந்த நிறுத்தத்தின் அருகில் இருக்கிறதென்று அந்தப் பெண் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். நாம் பஸ் நம்பரைக்கூட மறந்துவிடுகிறோம்.

விடைபெறும்போது, மார்கழிக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டோம். தாயார் மௌனமாக இருந்தாள். பெண் சொன்னாள்: "ஏகாதசியன்று விலக்காகிவிட்டால் ஆகட்டுமே! இராப்பத்தில் எத்தனையோ நாள் பரமபத வாசல் திறக்கிறது. ஐந்தாம் நாள் போய்ச் சேவிக்கிறேன். கூட்டமும் குறைவாக இருக்கும்."

"அதுவும் சரிதான்," என்று தாயார் முணுமுணுத்துக்கொண்டே, மாத்திரைப் பட்டையைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து, மகள் கையில் கொடுத்தாள். "அடுத்த தடவை போகும்போது இதையும் அந்த டாக்டரிடம் காட்டிவிடு," என்றாள்.