மீண்டும் ஒருமுறை தோற்றலாமா?

விழா மலரிலே பழம்பெருமை பேசுதற்குப் பலர் உளர். யானோ இன்று நம் கல்லூரி மாணவர் சிலரது உறக்கத்தைக் கெடுக்கும் வினாவொன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

க.பொ.த. உயர்தரத்தில் உயிரியற் பிரிவு மாணவனொருவன் மூன்று பாடங்களிலும் ‘ஏ’ சித்தி பெறுகின்றான். ஊரார் பாராட்டுகின்றனர். ஆயினும் மருத்துவ பீடத்து வெட்டுப்புள்ளிக்கு இம்மியளவு குறைந்துவிடுகின்றது. மீண்டும் தோற்றுவதா, கிடைத்த பீடத்துக்குச் செல்வதா?

‘ஏ’ என்பது 75 புள்ளியில் தொடங்குவது. ஆதலின் மூன்று ‘ஏ’ பெற்ற இருவர் சமமானவர் அல்லர். 2001ஆம் ஆண்டுப் பரீட்சை முதலாக அனுமதியை முடிவுசெய்வது இசட் புள்ளியே. அது மாணவனின் புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை நியம விலகலைக் கொண்டு அளப்பது. எனவே அது அவன் உழைப்பை மட்டுமன்றி, உடன் தோற்றியோர் அனைவரின் திறமையையும் பொறுத்தது. மருத்துவம் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் உரியன; ஆகவே வெட்டுப்புள்ளி மாவட்டந்தோறும் வேறுபடும், ஆண்டுதோறும் மாறும். சென்ற ஆண்டு எட்டாத கோட்டை வரும் ஆண்டு எட்டலாம் என்பதற்கு உறுதி ஏது?

பல்கலைக்கழக அனுமதிக்காக மும்முறை தோற்ற விதி இடந்தருகின்றது. விதி இடந்தருவதனாலேயே தோற்றுதல் கடனாகிவிடாது. ஐம்பது புள்ளி பெற்றவனுக்கு ஏறுதற்கு இடம் மிக உண்டு. தொண்ணூறு பெற்றவனுக்கு ஏறும் இடம் சிறிது, இறங்கும் இடமோ பெரிது.

யானும் இரண்டாம் முறை தோற்றியவன்தான். முதன்முறை கிடைத்த விஞ்ஞான பீட இடத்தை உதறினேன். நோயாளரைக் காக்கும் வேட்கையாலன்று, “டொக்டருக்குக் கிடைக்கவில்லையோ?” என்ற அயலார் கேள்விக்கு அஞ்சியே அவ்வாறு செய்தேன். மறுமுறை புள்ளி குறைந்தது. ஓராண்டு கழிந்தபின் அதே பீடத்துக்கே சென்றேன். அங்கே கற்ற இரசாயனமே என் வாழ்வாயிற்று.

ஆதலின் தம்பிமாரே, இரண்டு கேள்விகளை உங்களையே கேளுங்கள். கூடுதலாகப் பெறும் புள்ளி, இன்று மூடியுள்ள கதவு எதனையேனும் திறக்குமா? சென்றமுறை புள்ளி குறைந்ததற்கு நோயோ, படியாது விட்ட பகுதியோ போன்ற திருத்தக்கூடிய காரணம் உண்டா? இரண்டிற்கும் விடை ஆம் எனில், துணிந்து ஒருமுறை தோற்றுக. மருத்துவ பீடமே கிடைத்திருந்தும் கொழும்பு கிடைக்கவில்லை என்றோ, மாவட்டத்தில் முதலிடம் தவறியது என்றோ வருந்துவோர் தோற்றவேண்டா. எந்தப் பீடத்திலும் கற்பது அதே வைத்தியம். பதிவதும் அதே மருத்துவச் சபையில்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் பத்தொன்பதாம் வயது ஒருமுறையே வருவது. அதனை ஊரார் வாய்க்கு இரையாக்காதீர்கள்.